அடைக்கோழியும் 21 நாள் பொறுமையும்

பகலில் முட்டையிட்ட இடத்தைவிட்டு இரவிலும் இறங்காமல், கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமுகிற கோழி அடைக்கு, அதாவது 21 நாள் முட்டைகளின் மேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்க, வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனாலும் அன்றே நல்ல முட்டைகளை அதனிடம் ஒப்படைத்துவிடக் கூடாது. முட்டை அளவுள்ள வழவழப்பான கல் இரண்டை வைத்து, இரண்டு மூன்று நாட்கள் அது நிலையாக உட்காருகிறதா என்று பார்த்த பிறகு வைப்பதே நல்லது. ஏனெனில் பாதியில் எழுந்து போகும் கோழியால் ஓர் ஈடு முட்டை முழுவதும் வீணாகும்.

சேவலுடன் திரியும் கோழிகள் இட்ட, ஒரு வாரத்துக்கு மேற்படாத, விரிசலும் அழுக்கும் இல்லாத முட்டைகளாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமிகள் எளிதாக உள்ளே புகும். நடுத்தரக் கோழிக்குப் பத்து முட்டைகள் போதும். ஆசைப்பட்டு அதிகம் வைத்தால், இறகுக்கு வெளியே பிதுங்கிக் குளிரும் முட்டைகள் முறை மாறி மாறிக் கெடும். எல்லா முட்டைகளிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வேறு கோழி வந்து இட்டுவிட்டுப் போகும் முட்டையைப் பின்னர் பிரித்தெடுக்க அதுவே வழி.

அடைக்கு உட்காரும் முன் கோழியின் இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேனோ செள்ளுப் பூச்சியோ இருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். அரிப்புத் தாங்காமல்தான் பல கோழிகள் அடையைக் கைவிடுகின்றன. ஒதுக்குப்புறமான, அரையிருட்டான இடத்துக்குக் கோழியை மாற்றுவதென்றால் இரவில் மாற்ற வேண்டும். நாளொன்றுக்கு ஒருமுறை அது இறங்கி, இரை தின்று, நீர் குடித்து, கால் மணி நேரம்போல் உலவிவிட்டுத் திரும்பும். அப்போது போடும் எச்சம் பெரிதாகவும் கடும் நாற்றத்தோடும் இருப்பதைக் கண்டு, புதிதாக வளர்ப்பவர்கள் நோய் என்று பயந்துவிடுகிறார்கள், அது இயல்பானதுதான்.

ஏழாம் நாள் இரவில், இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச்சைப் பொருத்திப் பாருங்கள். கருத்த புள்ளியிலிருந்து சிலந்திக் கால்களைப் போல் சிவப்பு நரம்புகள் பரவியிருந்தால் கரு வளர்கிறது. வெறும் வெளிச்சமாகத் தெரிவது கரு இல்லாத கூமுட்டை. இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. இவ்விரண்டையும் அப்புறப்படுத்திவிட வேண்டும், இல்லையென்றால் அடியில் அழுகி வெடிக்கக்கூடும்.

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டைகளைத் தொடவே வேண்டாம். ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பின்பும் குஞ்சு வெளிவர ஒரு நாள் வரை ஆகலாம். உள்ளே அது சும்மா இருக்கவில்லை. சவ்விலுள்ள இரத்தத்தையும் மீதமுள்ள மஞ்சள் கருவையும் உடலுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. இது தெரியாமல் ஒருமுறை நான் ஓட்டை உரித்து உதவப் போய், சவ்வு கிழிந்து இரத்தம் கசிய, அக்குஞ்சு மாலைக்குள் இறந்தது. உள்ளிழுத்த அந்த மஞ்சள் கரு இரண்டு நாட்கள் வரை குஞ்சைத் தாங்கும் என்பதால், முதலில் பொரித்தவற்றுக்கு இரை வைக்க அவசரப்பட்டுத் தாயை எழுப்ப வேண்டியதில்லை. தாய் தானாகக் குஞ்சுகளோடு இறங்கி வரும்போது, கூழாங்கற்கள் பரப்பிய ஆழமற்ற தட்டில் நீரும், குஞ்சுகளுக்கான தீவனமும் தயாராக இருக்கட்டும்.