பொங்கல் வாழ்த்து அனுப்பப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிராதீங்க

எண்பது தொண்ணூறுகள்ல மார்கழி பிறந்துட்டாலே பெட்டிக்கடை வாசல்ல கயிறு கட்டி வாழ்த்து அட்டையா தொங்கும், ரஜினி, கமல், பொங்கப்பானை, ஜிகினா ஒட்டுன மாடுன்னு. இப்ப வாங்குறவங்க கம்மிதான், ஆனா நான் வருஷா வருஷம் அனுப்புறேன், கையில வாங்குறவங்க சந்தோஷம் கொஞ்சமும் குறையல.

பெரிய தப்பு எதுன்னா, உள்ள அச்சடிச்சிருக்கிற கவிதைக்குக் கீழ வெறும் கையெழுத்து மட்டும் போட்டு கவர ஒட்டிர்றது. எங்க மாமா 1994ல அனுப்புன அட்டை இன்னும் அம்மா பீரோவுல துணிக்கு அடியில இருக்கு, அதுல என்ன கவிதை இருக்குன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது, ஆனா "அக்கா, செவலை கன்னு போட்டுருக்கு, கிடேரி, மாட்டுப் பொங்கலுக்குப் பிள்ளைகள கூட்டிட்டு வா"ன்னு அவர் எழுதுனது எல்லாருக்கும் மனப்பாடம். இடம் பத்தாம ஓரத்தச் சுத்தி எழுதியிருப்பார், அட்டைய திருப்பித் திருப்பிப் பிடிச்சுத்தான் படிக்கணும். அந்த மாதிரி உங்க வீட்டு சேதி ரெண்டு வரி எழுதுங்க, நலம் நலமறிய ஆவல் மட்டும் போதாது.

ஜெல் பேனா வேணாம். வழவழ அட்டையில சீக்கிரம் காயாது, கை பட்டா இழுவிரும். பால் பாயின்ட் போதும்.

அட்ரஸ்லதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. கிராமம்னா ஊர் பேர் மட்டும் போட்டா ஆகாது, எந்த அஞ்சல், எந்த வட்டம்னு எழுதணும், ஏன்னா ஒரே பேர்ல பல ஊர் இருக்கு. பின்கோடு 1972ல வந்தது, ஆறு இலக்கம், நம்ம தமிழ்நாட்டுக்கு 6ல ஆரம்பிக்கும், அத விடவே விடாதீங்க. தென்காசி 2019லயும் மயிலாடுதுறை 2020லயும் தனி மாவட்டமாச்சு, பழைய டைரிய பாத்து எழுதுறவங்க அதையும் திருத்திக்கோங்க.

அப்புறம் ஸ்டாம்ப். சாதா தபாலுக்கு 20 கிராம் வரைக்கும் 5 ரூபா. மியூசிக் அட்டை, கனமான அட்டைன்னா அதத் தாண்டிரும், போஸ்ட் ஆபீஸ்ல எடை போட்டு ஒட்டுங்க. கம்மியா ஒட்டுனா குறையுற காசுக்கு ரெண்டு மடங்கு வாங்குறவங்க தலையில விழும், நல்ல நாள் அதுவுமா அது வேணுமா? உள்ள பொங்கப்படி ரூபா நோட்டும் வைக்காதீங்க, தொலைஞ்சா கேக்க வழியில்ல.

பொங்கல் 14 இல்லனா 15ல வரும், நான் ஜனவரி 5க்குள்ள போட்டுருவேன், நடுவுல ஞாயித்துக்கிழமை டெலிவரி கிடையாது பாருங்க.

இன்னொண்ணு, எழுதி முடிச்ச கையோட போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிராதீங்க ப்ளீஸ். கவரப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் என்ன இருக்கு. வாய மூடிட்டு இருங்க, வந்து சேந்ததும் அவங்களே போன் போடுவாங்க.