தடா தாண்டினதும் நெட் போகுதா? கிளம்பும் முன்னே நடக்கும் தவறுகள்

மாதவரம் பஸ் ஸ்டாண்டில் டவர் ஃபுல். செங்குன்றம், காரனோடை, கும்மிடிப்பூண்டி வரை யூடியூப் நிற்காமல் ஓடுகிறது. ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவின் தடாவுக்குள் நுழைந்ததும் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் கூட விழவில்லை, கடிகாரக் குறியோடு மெசேஜ் அப்படியே நிற்கிறது. "இந்த சிம்மே இப்படித்தான்" என்று திட்ட ஆரம்பிப்பதற்கு முன் செட்டிங்கைத் திறந்து பாருங்கள். டேட்டா ரோமிங் அணைந்திருக்கும்.

தமிழ்நாடு ஒரு டெலிகாம் சர்க்கிள் (போன் சேவைக்காகப் பிரித்த வட்டாரம்), ஆந்திரா இன்னொன்று. அந்த எல்லையைக் கடந்ததும் பல போன்கள் அதை ரோமிங் என்று எடுத்துக்கொள்ளும். சிலவற்றில் டவர் கோட்டுக்குப் பக்கத்தில் 'ஆர்' என்று ஒரு சின்ன எழுத்தும் வரும். ரோமிங் என்றாலே வெளிநாட்டு பில் ஞாபகம் வந்து, பல பேர் அதை என்றைக்கோ அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள். இப்போதைய பேக்குகளில் இந்தியாவுக்குள் ரோமிங்குக்குத் தனிக் காசு கிடையாது, தைரியமாகப் போட்டு வைக்கலாம். இரண்டு சிம் உள்ள போனில் ஒவ்வொரு சிம்முக்கும் தனி ஸ்விட்ச் உண்டு. ஒன்றை மட்டும் போட்டுவிட்டு இரண்டும் போட்டதாக நினைப்பது வழக்கமான கோளாறு.

ரோமிங்கைப் போட்டு வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. மலை கிராமங்களில் அரசு நிதியில் எழுப்பிய 4ஜி டவர்களை ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. அது ஒரே சர்க்கிளுக்குள் நடக்கும் ரோமிங். உங்கள் கம்பெனி டவரே இல்லாத ஊரிலும் அடுத்த கம்பெனி டவரில் ஏறலாம். ஸ்விட்ச் அணைந்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவலாம்.

இரண்டு சிம் இருந்தால் போதுமா?

எந்த இரண்டு என்பதுதான் கேள்வி. ஏர்டெல் ஒன்று, வோடஃபோன் ஐடியா ஒன்று என்று வைத்திருப்பவர்கள் இரட்டைக் காப்பு என்று நினைக்கிறார்கள். பல ஊர்களில் இரண்டு கம்பெனியின் ஆன்டெனாவும், டவரை வாடகைக்கு விடும் இண்டஸ் டவர்ஸ் கம்பெனி நிறுத்திய ஒரே கம்பத்தில் தொங்கும். மலையில் கரண்ட் போனால் டவரின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும். ஜியோ அல்லது ஏர்டெல் ஒன்று, கூடவே பிஎஸ்என்எல் ஒன்று என்பதுதான் காட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு நல்ல ஜோடி.

ஆனால் பிஎஸ்என்எல் விஷயத்தில் மூன்று பள்ளம் இருக்கிறது. முதலாவது, அதன் 4ஜி முக்கியமாக 700, 2100 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. தூரம் போவதும் மரம் மட்டைக்குள் நுழைவதும் 700. அதற்கு போனில் 'பேண்ட் 28' இருக்க வேண்டும். பழைய போன்கள் பலவற்றில் அது இல்லை, அதனால் 700 மட்டும் உள்ள டவருக்குக் கீழேயே நின்றாலும் 4ஜி எடுக்காது. மாடல் பெயரைப் போட்டுத் தேடி, எல்டிஇ (4ஜி) பேண்ட் பட்டியலில் 28 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சிம்முக்குக் காசு கொடுங்கள். பர்மா பஜாரில் வாங்கிய அமெரிக்க மாடல் ஐபோன் 14-ஓ அதற்குப் பிந்தியதோ என்றால், அதில் சிம் செருக இடமே கிடையாது, முழுக்க ஈசிம்தான் (போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்).

இரண்டாவது, வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய பிஎஸ்என்எல் சிம். 3ஜி காலத்து சிம் என்றால் 4ஜிக்கு மாற்றியாக வேண்டும். மூன்றாவதில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள்: வெள்ளிக்கிழமை ராத்திரி பயணம், வெள்ளிக்கிழமை காலையில் சிம் மாற்றுவது. எந்தக் கம்பெனியானாலும் சிம்மை மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, மோசடியைத் தடுக்க அரசு வைத்த விதி. ஓடிபி வராது, பேங்க் ஆப் திறக்காது. குறைந்தது மூன்று நாள் முன்னால் மாற்றி, ரீசார்ஜ் செய்து, அந்த சிம்மில் ஒரு கால், ஒரு எஸ்எம்எஸ், ஐந்து நிமிடம் நெட் என்று மூன்றையும் ராயபுரத்திலேயே சோதித்துப் பாருங்கள். காஷ்மீர், லடாக் பக்கம் பைக்கில் போகிறவர்களுக்கு வேறு கணக்கு: வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

டவர் கோடுகளை நம்பாதீர்கள்

டவர் கோடு என்பது போன் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வரைந்த படம். ஒரு போனில் மூன்று கோடு, இன்னொன்றில் இரண்டு, இரண்டுக்கும் ஒரே சிக்னல். உண்மையான எண் வேண்டுமானால், பல ஆண்ட்ராய்டு போன்களில் டயல் பேடில் *#*#4636#*#* அடித்து போன் தகவலுக்குள் போங்கள். ஐபோனில் *3001#12345#* அடித்து கால் பட்டனை அழுத்துங்கள். மைனஸில் ஒரு எண் வரும், பூஜ்ஜியத்துக்குப் பக்கமாக இருந்தால் நல்லது. மைனஸ் 85 என்றால் வீடியோ கால் பேசலாம். மைனஸ் 105-இல் மெசேஜ் போகும், போட்டோ இழுக்கும். 115-ஐத் தாண்டினால் பேச்சு வெட்டி வெட்டி வரும். 120 என்றால் வேறு இடம் பாருங்கள்.

அப்புறம், சிக்னல் பலம் வேறு, நெட் வேறு. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போனவர்களுக்கு இது தெரியும்: கோடு ஃபுல்லாக இருக்கும், ஒரு மெசேஜ் போகாது. ஒரே டவரில் கூட்டம் முழுக்கத் தொங்குகிறது. அங்கே இடம் மாறி நின்று பயனில்லை, அடுத்த சிம்முக்கு டேட்டாவை மாற்றுவதுதான் வழி.

நகரத்தில் 5ஜியில் விட்ட போனை அப்படியே காட்டுக்குள் கொண்டுபோவதும் தப்பு. வேகமான 5ஜி பெரும்பாலும் 3500 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, தூரம் போகாது. ஓரத்தில் மாட்டிய போன் 5ஜி, 4ஜி என்று மாறி மாறித் தாவும், நெட்டும் அறுபடும், பேட்டரியும் கரையும். செங்குன்றம் தாண்டியதும் நெட்வொர்க் வகையை 4ஜிக்கு இறக்கிவிடுங்கள். 2ஜிக்கு இறக்காதீர்கள்: ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, போன் ஊமையாகிவிடும். வோல்டி (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) ஸ்விட்ச் போட்டிருக்கட்டும், இல்லையென்றால் ஜியோவில் காலும் வராது.

நிற்கிற இடம்

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. வெளிப்பக்கம் சமவெளி தெரியும் வளைவுகளில் டவர் எடுக்கும். மலைச் சுவர் பக்கம் திரும்பியதும் போய்விடும். நாமக்கல் பக்கத்துச் சமவெளி டவருக்கும் உங்களுக்கும் நடுவில் பாறை இல்லாத இடம்தான் நல்ல இடம், உயரம் மட்டும் பத்தாது. அதனால் டவர் கிடைத்த வளைவிலேயே வண்டியை ஓரம் கட்டி (வளைவுக்குள் இல்லை, தாண்டி) வேலையை முடியுங்கள். "மேலே போனா இன்னும் நல்லா எடுக்கும்" என்று கிளம்பினால், திரும்ப இறங்கும்போதுதான் எடுக்கும்.

கன்டெய்னர் லாரிக்குள் ஏறி எண்ணூர் ரோட்டில் பேசிப் பார்த்தவர்களுக்கு இரும்புப் பெட்டி என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. தகரக் கூரை லாட்ஜ் அறையும் அதே கதைதான். அறைக்குள் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்க வேண்டுமானால், போனை ஜன்னல் விளிம்பிலோ வெளித் திண்ணையிலோ வைத்து ஹாட்ஸ்பாட் போடுங்கள். முன்னே சொன்ன மைனஸ் எண் 10 குறைந்தாலே (110-லிருந்து 100-க்கு வந்தாலே) சிக்னல் பத்து மடங்கு. ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள், 5-ஐ விட சுவர் தாண்டும். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், சூடேறினால் போன் தானாக வேகத்தைக் குறைக்கும்.

வலுவில்லாத நெட்டில் மெசேஜ் போகாததற்குப் பாதிக் காரணம் நம் போனே. கூகுள் போட்டோஸ் பேக்கப், வாட்ஸ்அப் குரூப்பில் தானாக இறங்கும் வீடியோ, ஆப் அப்டேட் எல்லாம் அந்தச் சின்ன ஓட்டைக்குள் முண்டியடிக்கின்றன. கிளம்பும் முன் மூன்றையும் 'வைஃபையில் மட்டும்' என்று மாற்றுங்கள், டேட்டா சேவரைப் போடுங்கள்.

சிக்னல் பூஸ்டர் வாங்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். வேண்டாம். அனுமதியில்லாத சிக்னல் ரிப்பீட்டர் வைப்பது சட்டப்படி குற்றம், பக்கத்து டவருக்கும் இரைச்சல் கிளப்பி ஊருக்கே நெட்டைக் கெடுக்கும். துராயா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போனும், சாட்டிலைட்டில் செய்தி அனுப்பும் மலையேற்றக் கருவிகளும் அனுமதியில்லாமல் இங்கே வைத்திருந்தால் கைதுவரை போகும். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் இதே நிலைதான்.

மேப்: பாதி இறக்கினால் பாதி வழிதான்

ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம், அது நேரே சாட்டிலைட்டிலிருந்து வருகிறது. நெட் வேண்டியது மேப் படத்துக்குத்தான். கூகுள் மேப்ஸில் ஆஃப்லைன் மேப் இறக்கும்போது எல்லாரும் செய்வது, போகும் ஊரை மட்டும் கட்டம் போடுவது. ஸ்ரீசைலம் இருக்கும், தோர்ணாலாவிலிருந்து நல்லமலைக் காட்டுக்குள் போகும் ஐம்பது கிலோமீட்டர் இருக்காது. டவர் போவதே அந்த ஐம்பதில்தான். பாதை முழுக்க அடங்குகிற மாதிரி, தேவைப்பட்டால் இரண்டு மூன்று கட்டமாக, வீட்டு வைஃபையிலேயே இறக்குங்கள். பிறகு மூலக்கடையிலேயே நின்று ஃப்ளைட் மோட் போட்டு, ஸ்ரீசைலத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். வழி காட்டினால் சரி.

கூகுள் ஆஃப்லைனில் வண்டி வழி மட்டும்தான் தரும், நடைவழி தராது. தடா அருவி மாதிரி கடைசிக் கிலோமீட்டர்கள் காட்டுப் பாதையாக இருக்கும் இடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்அண்ட் ஆப் வைத்துக்கொள்ளுங்கள், ஒற்றையடிப் பாதைகள் பல அதில் இருக்கும். சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டர் கூட இல்லை என்று அசட்டையாகப் போகும் இடம் அது, ஆனால் உள்ளே போனால் டவர் நம்பிக்கைக்கு இல்லை. வண்டி நிறுத்திய இடத்தை நடக்கும் முன்னே பின் குத்தி வையுங்கள்.

நெட் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் முதல் தடவை இடம் பிடிக்க நேரம் எடுக்கும். சாட்டிலைட் தரும் தகவல் நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் சொட்டுகிறது, எல்லா சாட்டிலைட்டும் எங்கே என்ற முழுப் பட்டியல் வர 12.5 நிமிடம். நகரத்தில் அதே தகவலை நெட் வழியாக வாங்கிக்கொள்வதால் தெரிவதில்லை. வானம் தெரியும் இடத்தில் சில நிமிடம் அசையாமல் நில்லுங்கள், "ஜிபிஎஸ் ரிப்பேர்" என்று போனை ஆஃப் செய்து ஆன் செய்யாதீர்கள்.

பேட்டரி, காசு

டவர் இல்லாத இடத்தில் போன் சும்மா இருக்காது, தேடிக்கொண்டே இருக்கும். காலையில் தொண்ணூறு இருந்த பேட்டரி மத்தியானத்துக்குள் முப்பதுக்கு வருவது அதனால்தான். ஃப்ளைட் மோடில் போட்டால் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் ஓடும், தேடல் நின்றுவிடும். மணிக்கு ஒரு தடவை இரண்டு நிமிடம் ஃப்ளைட் மோடை எடுத்துப் பார்த்தால் போதும்.

பவர் பேங்கில் 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் 5,000 எம்ஏஎச் போனுக்கு இரண்டு தடவை வராது. உள்ளிருக்கும் செல் 3.7 வோல்ட், அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றி அனுப்பும்போது எண்ணும் குறையும், சூடாகக் கொஞ்சமும் போகும். ஒன்றரை தடவை என்று கணக்கு வையுங்கள்.

காசு பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: நூறு, ஐம்பது ரூபாய் நோட்டாக இரண்டாயிரம் ரூபாய். நெட் இல்லாமல் *99# மூலம் யூபிஐ செய்யலாம் என்பது உண்மை, ஆனால் எல்லா சிம்மிலும் சரியாக வராது, வீட்டிலேயே ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். லாட்ஜ் புக்கிங், லைசென்ஸ், ஆர்சி எல்லாம் பிடிஎஃப் ஆகப் போனுக்குள் இருக்கட்டும். டிஜிலாக்கரைச் செக்போஸ்டில் நின்று திறக்கப் பார்ப்பது வீண்.

வீட்டுக்குச் சொல்வது

வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் அதிகபட்சம் எட்டு மணி நேரம். நெட் போனதும் கடைசி இடத்திலேயே புள்ளி நின்றுவிடும். நீங்கள் நல்லபடியாக மலை ஏறிக்கொண்டிருப்பீர்கள், தண்டையார்பேட்டையில் அம்மா "ரெண்டு மணி நேரமா காட்டுக்குள்ள நிக்கிறானே" என்று அழ ஆரம்பித்திருப்பார். லைவ் லொகேஷனை விட ஒரு எஸ்எம்எஸ் மேல், நெட்டே இல்லாத மெல்லிய சிக்னலிலும் அது போய்ச் சேரும்: "தோர்ணாலா 3 மணி. டவர் போயிடும். 6க்குள் ஸ்ரீசைலம். 8 வரை போன் வரலனா மட்டும் கவலைப்படு." ராத்திரி ஒன்பதுக்கு மேல் அந்தக் காட்டு வழியில் வண்டியை விட மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆபத்தென்றால் 112. உங்கள் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும் வேறு எந்தக் கம்பெனி டவர் இருந்தாலும் அந்தக் கால் ஏறும். "எமர்ஜென்சி கால் மட்டும்" என்று திரையில் வருவதற்கு அர்த்தம் அதுதான்.

கடல் பக்கம் கணக்கே வேறு. மறைக்கப் பாறை இல்லாததால் 40 மீட்டர் டவரின் சிக்னல் கரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் வரை போகும், அப்புறம் பூமியின் வளைவே மறைத்துவிடும். காசிமேட்டு ஆட்கள் செல்லை நம்பி அதற்கு மேல் போவதில்லை. விஎச்எஃப் ரேடியோவும், ஆபத்தில் கூப்பிட அதன் சேனல் 16-உம் அவர்கள் கையில் உண்டு. பழவேற்காடு முகத்துவாரத்துக்கு வெளியே படகில் சுற்றப் போகிறவர்கள் கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554-ஐ ஏறும் முன்பே சேமித்து வையுங்கள்.

திரும்பி வரும்போது ஒரு வேலை மிச்சம். அங்கே டவர் தேடி நெட்வொர்க்கை 'மானுவல்' என்று வைத்து ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்திருந்தால், போன் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். கும்மிடிப்பூண்டி வந்தும் "சர்வீஸ் இல்லை" என்று காட்டுவது இதனால். 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள், 5ஜியை மறுபடி போடுங்கள், பேக்கப்பை வீட்டு வைஃபை வரும்வரை அணைத்தே வையுங்கள்.