சாக்லேட் ஆலைக்குக் குடும்பத்தோடு செல்ல ஒரு வழிகாட்டி

சாக்லேட் என்றதும் நம்மில் பலருக்கு ஊட்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் குளிர்ந்த ஊரில் கொக்கோ மரம் வளர்வதில்லை. உருக்கி அச்சில் ஊற்றிய சாக்லேட் குளிர்பெட்டி இல்லாமலேயே இறுகிவிடும் தட்பவெப்பம் அங்கே இந்தத் தொழிலுக்குத் துணை நிற்கிறது. கொக்கோ விளைவதோ கீழே, பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில், ஊடுபயிராக. ஆகவே பயணத்துக்கு நாள் குறிப்பதற்கு முன், எந்த வகை ஆலையைப் பார்க்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆயத்தமாக வரும் சாக்லேட் கட்டிகளை உருக்கி, முந்திரியும் உலர்திராட்சையும் சேர்த்து அச்சில் வார்க்கும் கூடங்கள் ஒரு வகை. கொக்கோ விதையை வறுப்பதிலிருந்து தொடங்குபவை மற்றொரு வகை. முதல் வகையை அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். இரண்டாம் வகை எண்ணிக்கையில் குறைவு என்றாலும், தேடி விசாரித்துச் செல்லும் அலைச்சலுக்குத் தகுந்த பலன் அங்கேதான் கிடைக்கும்.

சிறிய ஆலைகளில் ஐந்தாறு பேர்தான் வேலை செய்வார்கள். அவர்களே வந்தவர்களுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். எனவே முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, எந்த நாளில் வறுப்பார்கள், எந்த நாளில் அச்சில் வார்ப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் சென்றால் ஓடாத இயந்திரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடலாம். குழந்தைகளுக்கு வேர்க்கடலை, பாதாம், பால் போன்றவை ஒவ்வாது என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒரே மேசையில் எல்லாம் கையாளப்படும் இடத்தில் எந்தத் துண்டையும் முழு நம்பிக்கையோடு கொடுக்க இயலாது. உள்ளே செல்லும்போது தலைக்கு வலையுறை தருவார்கள். வளையல், மோதிரங்களை அறையிலேயே விட்டுச் செல்லலாம். அன்றைக்கு வாசனைத் திரவியமும் மல்லிகைப் பூவும் வேண்டாம். கொக்கோவின் கொழுப்பு பிற மணங்களை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். நம் மூக்குக்கும் வறுபடும் விதையின் மணம் தனித்துத் தெரிய வேண்டும்.

பழத்திலிருந்து எடுத்த விதைகளைச் சில நாள்கள் நொதிக்க வைத்து, வெயிலில் உலர்த்திய பிறகே அவை ஆலைக்கு வருகின்றன. வறுத்த விதையின் தோலை நீக்கி, உடைந்த பருப்பில் ஒன்றைக் குழந்தைகளின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கசப்பில் முகம் சுளிப்பார்கள். சர்க்கரை சேருவதற்கு முன் இருக்கும் சுவை இதுதான் என்பது அப்போது புரியும். அடுத்து நிற்க வேண்டிய இடம் கல் கிரைண்டர். இங்கே அவசரப்படாதீர்கள். கருங்கல் தளத்தின் மேல் கல் உருளைகள் சுழல, பருப்பும் சர்க்கரையும் நாள் கணக்கில் அரைபடுகின்றன. நாக்குக்குத் துகள் தட்டாத நயம் வருவதும், புளிப்பான ஆவிகள் வெளியேறுவதும் அந்த நீண்ட அரைப்பில்தான். நம் வீட்டில் இட்லி மாவு அரைக்கும் கிரைண்டரின் அமைப்பே இது. கோயம்புத்தூரில் செய்யப்படும் இத்தகைய இயந்திரங்களைப் பல நாடுகளின் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். பெரியவர்கள் இதைப் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அரைத்த குழம்பை அப்படியே அச்சில் ஊற்றினால் மங்கலாகவும் பிசுபிசுப்பாகவும் இறுகும். அதனால் கறுப்புச் சாக்லேட்டைச் சுமார் 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, 28 டிகிரி வரை ஆற்றி, மீண்டும் 31 அல்லது 32 டிகிரிக்குச் சூடேற்றுகிறார்கள். டெம்பரிங் எனப்படும் இந்த வேலை சரியாக நடந்ததா என்று அறிய, அச்சிலிருந்து எடுத்த சாக்லேட் பலகையை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். மேற்பரப்பு பளபளக்க வேண்டும். ஒடியும்போது ‘படக்’கென்று ஓசை வர வேண்டும்.

சுவைக்கத் தரும் துண்டை மெல்லாமல் நாக்கின் மேல் வைத்திருக்கப் பழக்குங்கள். கொக்கோ வெண்ணெய் உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடுவதால், நல்ல சாக்லேட் தானாகக் கரையும். வாயில் மெழுகுப் படலம்போல் தங்கினால், கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்க்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். காம்பவுண்ட் எனப்படும் இந்த வகையை விற்பது தவறன்று, விலையும் குறைவு. எனினும் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். ‘ஹோம்மேட்’ என்ற பெயரை மட்டும் நம்பிவிடாமல், உறையில் உள்ள பொருள்களின் பட்டியலில் ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உறையில்லாமல் எடைபோட்டுத் தரும் இடத்தில் இதை நேரடியாகவே கேட்கலாம். நேர்மையான கடைக்காரர் மறைக்க மாட்டார்.

மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும்போது வெயிலில் நிற்கும் காரில் சாக்லேட்டை விட்டுவிடாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, வெப்பம் புகாத பையில் வைத்து இருக்கைக்குக் கீழே கொண்டுவரலாம். உருகி மீண்டும் இறுகினால் மேலே வெண்மை படரக்கூடும், அது பெரும்பாலும் பிரிந்து வந்த கொழுப்புதான், பூஞ்சை அன்று, உண்ணலாம். வீட்டில் குளிர்பெட்டியில் வைக்கத்தான் வேண்டும் என்றால் டப்பாவோடு வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல், அறை வெப்பநிலைக்கு வந்தபின் திறந்தால் ஈரம் படியாது.