ஃபிளை கட்டும் வைஸ்: லீவரை அழுத்துவதற்கு முன்

தென்மேற்குப் பருவமழை இறங்கி அவலாஞ்சி, எமரால்டு பக்கத்து ஓடைகள் கலங்கிவிட்டால், டிரவுட் மீன் பிடிப்பவர்களுக்குக் கரையில் வேலை இல்லை. மேசையில் உட்கார்ந்து அடுத்த சீசனுக்கு ஃபிளை கட்டும் காலம் அது. புதிதாகக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் என் வீட்டுக்கு வருவதும் அப்போதுதான். நூல் சுற்றத் தெரியாததோ, இறகு கோணலாகப் போவதோ எனக்குப் பெரிய விஷயமில்லை. கை பழகினால் அதெல்லாம் சரியாகிவிடும். நல்ல காசு போட்டு வாங்கிய வைஸை முதல் மாதத்திலேயே பாழாக்கிக்கொண்டு வருகிறார்களே, அதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தூண்டில் முள்ளின்மேல் நூல், சேவல் கழுத்து இறகு, ரோமம் எல்லாம் சுற்றிச் செய்யும் பொய்ப்பூச்சிதான் ஃபிளை. கட்டி முடிக்கும்வரை முள்ளை வளைவில் கவ்வி அசையாமல் பிடித்திருப்பது வைஸ். முள் அளவு எண்களில் வரும். எண் ஏற ஏற முள் சிறுக்கும். 16 என்பது 10ஐவிடச் சின்னது. 1ஐத் தாண்டிப் பெரிய முள்ளுக்குப் போனால் 1/0, 2/0, 4/0 என்று மறுபக்கம் ஏறும். நீலகிரி டிரவுட்டுக்குப் பெரும்பாலும் 12 முதல் 16 வரை போதும். அந்தமானில் பாரை மீன் பிடிக்கப் போகிறவர் 4/0, 6/0 என்று கட்டுவார். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில்தான் வைஸ் பிரச்சினை எல்லாமே இருக்கிறது.

முள் கையில் குத்தும், கத்தரிக்கோல் கூராக இருக்க வேண்டும் போன்றவை யாரும் சொல்லாமலே தெரிபவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெட்டியோடு வரும் வைஸை நம்புவது

'ஆரம்பிப்பவர்களுக்கான செட்' என்று ஒரு பெட்டியில் எல்லாம் போட்டு விற்பார்கள். அதிலிருக்கும் நூல், இறகு ஏதோ ஒப்பேறும். வைஸ் பெரும்பாலும் ஒப்பேறாது. தாடையின் இரும்பு மெத்தென்று இருக்கும். தூண்டில் முள் கார்பன் ஸ்டீல். பதம் ஏற்றிய கம்பி. தாடை அதைவிட மென்மையாக இருந்தால், முள்தான் தாடையில் பள்ளம் போடும். பள்ளம் விழுந்த இடத்தில் அடுத்த முள் நிற்காது.

அதற்காக விலை அதிகமானதே வேண்டும் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து எல்ஜின் ஊரில் தாம்சன் நிறுவனம் செய்த 'மாடல் ஏ' என்ற எளிய வைஸில்தான் அந்த நாட்டுக்காரர்கள் எத்தனையோ பேர் தொழில் கற்றார்கள். அது சுழலாது, பளபளக்காது. தாடை மட்டும் சொன்ன வேலையைச் செய்யும். இன்று அதே வடிவத்தைப் பார்த்து மலிவு விலையில் நிறையப் பேர் செய்கிறார்கள். வடிவம் ஒன்றாக இருந்தாலும் தாடையின் பதம் ஆளுக்கு ஆள் மாறும்.

நம் பக்கத்தில் கடைக்குப் போய் வைஸைத் தொட்டுப் பார்த்து வாங்க வழி இல்லை. படம் பார்த்துத்தான் வரவழைக்க வேண்டும். அதனால் விளம்பரத்தில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எந்த எண் முள்ளிலிருந்து எந்த எண் வரை பிடிக்கும், தாடை பதம் ஏற்றிய இரும்பா, தாடை மட்டும் தனியாக விலைக்குக் கிடைக்குமா. மூன்றாவதை யாருமே பார்ப்பதில்லை. என் கணக்கில் அதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அப்புறம், நீங்கள் உண்மையில் கட்டப்போகும் முள்ளுக்கு வாங்குங்கள். 'என்றைக்காவது கடலுக்குப் போவேன்' என்று பெரிய தாடை வாங்கினால், 16ஆம் எண் முள்ளைச் சுற்றி விரல் நுழைய இடமிருக்காது.

லீவரை அழுத்தி அழுத்திப் பிடிக்க வைப்பது

இதைத்தான் சொல்ல வந்தேன்.

போன மழைக்காலத்தில் குன்னூரிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல உழைப்பாளி, கையில் பொறுமை உண்டு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வெளிநாட்டிலிருந்து ஒரு நல்ல வைஸ் வரவழைத்து, சுங்க வரியும் கட்டி எடுத்திருந்தான். ஓரிரு வாரம் 14, 16 என்று சின்ன முள்ளில் அழகாகக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் நண்பன் ஒருவன் அந்தமான் போகிறான் என்று 4/0 முள் ஒன்றைத் தாடைக்குள் திணித்திருக்கிறான். லீவர் இறங்கவில்லை. உள்ளங்கையால் அழுத்தியிருக்கிறான். அப்போதும் முள் ஆடியது. இன்னும் அழுத்தியிருக்கிறான். என்னிடம் கொண்டுவந்தபோது ஒரு தாடையின் நுனியில் அரிசிக் குறுநொய் அளவுக்கு ஒரு சில்லு இல்லை. மற்ற தாடை லேசாக வெளிப்பக்கம் விரிந்திருந்தது.

"அண்ணா, கொஞ்சம் அழுத்தினா பிடிச்சுக்கும்னு நினைச்சேன்" என்றான்.

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதே வைஸில் அதற்குப் பிறகு 16ஆம் எண் முள் நிற்கவே இல்லை. நூலை இழுத்தால் முள் மூக்கைக் கீழே குத்தும். தாடை மட்டும் புதிதாக வரவழைத்தோம். வந்து சேர்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துவிட்டால் இந்தத் தவறு நடக்காது. லீவர் வைத்த வைஸ்களில் பெரும்பாலானவை இப்படித்தான் வேலை செய்யும்: இரண்டு தாடைகளும் ஒரு தண்டின் முன்முனையில் பிளந்து நிற்கும். தாடைக்குப் பின்பக்கம் சரிவாகத் தடிக்கும். பின்னால் இருக்கும் லீவரை இறக்கினால் அதிலுள்ள கேம் (மையம் விலகிச் சுழலும் துண்டு) அந்தத் தண்டைப் பின்னுக்கு இழுக்கும். சரிவான பகுதி, தண்டைச் சுற்றியிருக்கும் குழாயின் வாய்க்குள் நுழையும்போது, தாடைகள் இரண்டும் நெருங்கி முள்ளைக் கவ்வும். லேத்தில் வேலை செய்தவர்களுக்குக் காலெட் என்றால் போதும், அதே ஏற்பாடு.

இதில் லீவருக்கு ஒரே ஒரு வேலைதான். கடைசி இறுக்கத்தைக் கொடுப்பது. முள்ளின் தடிமனுக்குத் தாடையை அகட்டுவதும் நெருக்குவதும் லீவரின் வேலை இல்லை. அதற்கென்று தனியாக ஒரு திருகு வைத்திருப்பார்கள். சிலவற்றில் அது தண்டில் மாட்டிய வளையமாக இருக்கும், சிலவற்றில் பின்கோடியில் குமிழாக இருக்கும். ரென்செட்டி என்ற நிறுவனத்தின் வைஸ் மாதிரியானவற்றில் அமைப்பே வேறு. முன்னால் திருகு, பின்னால் கேம். ஆனால் வேலைப் பங்கீடு ஒன்றேதான். முள் மாறும்போதெல்லாம் அந்தத் திருகைத் தொட வேண்டும். புதியவர்கள் பெட்டியைப் பிரித்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே அதை விட்டுவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். லீவரைத் தளர்த்துங்கள். முள்ளைத் தாடைக்குள் வையுங்கள். திருகை மெல்லத் திருப்பி, கையை எடுத்தாலும் முள் விழாத அளவுக்கு நெருக்குங்கள். அதற்குப் பிறகு லீவரை இறக்குங்கள். ஏறக்குறையப் பாதி தூரத்தில் பிடி விழ வேண்டும். கடைசிவரை போயும் முள் ஆடினால் இடைவெளி அதிகம். லீவரை எடுத்துவிட்டுத் திருகைக் கொஞ்சம் நெருக்குங்கள். தொடக்கத்திலேயே முரண்டு பிடித்தால் இடைவெளி குறைவு, திருகைத் தளர்த்துங்கள். இரண்டு நிலையிலும் லீவரை மேலும் அழுத்தினால் எதுவும் சரியாகாது. சொட்டும் குழாயை வாஷர் மாற்றாமல் முறுக்கி முறுக்கி, கடைசியில் மரையே போய்விடுமே, அந்தக் கதைதான்.

எவ்வளவு பிடி போதும் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. ஃபிளை கட்டும்போது முள்ளின்மேல் வரும் பெரிய இழுப்பு நூலின் இழுப்புதான். நூல் ஓர் அளவுக்குமேல் தாங்காமல் அறுந்துவிடும். ஆகவே நூல் அறும்வரை முள் நகராமல் நின்றால் அந்தப் பிடி போதும். அதற்குமேல் கொடுக்கும் ஒவ்வொரு இறுக்கமும் தாடையைத் தேய்க்க மட்டுமே பயன்படும். சோதித்துப் பார்க்க வேண்டுமா, முள்ளின் காதுப் பக்கத்தை, அதாவது தூண்டில் நரம்பு கோக்கும் துளைப் பக்கத்தை, கட்டைவிரலால் கீழே அழுத்தி விடுங்கள். முள்ளின் தண்டு வில் போல் வளைந்து மறுபடி நிமிர்ந்தால் சரி. வளைவு தாடைக்குள் திரும்பினால் பிடி போதவில்லை. நான் ஒவ்வொரு முள்ளுக்கும் இதைச் செய்கிறேன். நொடி நேர வேலை.

முள்ளை எங்கே வைக்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். சின்ன முள் தாடையின் நுனியில். பெரிய முள் உள்ளே தள்ளி. பல வைஸ்களில் பெரிய முள்ளுக்கென்றே தாடைக்குள் ஒரு பள்ளமோ வரியோ வெட்டியிருப்பார்கள். குன்னூர்ப் பையனின் வைஸிலும் அந்தப் பள்ளம் இருந்தது. அதை விட்டுவிட்டு 4/0 கம்பியை ஊசி போன்ற நுனியில் வைத்தான். அழுத்தம் முழுவதும் அந்த ஒரு முனையில் விழுந்தது. பதம் ஏற்றிய இரும்பு அதிகம் வளைந்து கொடுக்காது, உடையும்.

ஒருவேளை இந்தத் திருகு வேலையே வேண்டாம் என்று நினைத்தால் ரீகல் போன்ற ஸ்பிரிங் வைஸ் இருக்கிறது. கைப்பிடியை அமுக்கினால் வாய் திறக்கும், விட்டால் தானாகக் கவ்வும். பல அளவு முள்ளை மாற்றி மாற்றிக் கட்டுபவருக்கு அது நல்ல தேர்வு. அதிலும் பெரிய முள்ளை உள்ளே தள்ளித்தான் வைக்க வேண்டும்.

பையன்களுக்கு நான் இப்போது முதல் நாள் நூலே கொடுப்பதில்லை. 10, 12, 14, 16 என்று முள்களைக் கலந்து வைத்து, ஒவ்வொன்றையும் மாட்டிக் கழற்றச் சொல்கிறேன். சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

முள்ளின் நுனியைத் தாடைக்குள் மறைப்பது

நூல் நுனியில் பட்டு அறுகிறது என்பதற்காக நுனியையே தாடைக்குள் புதைத்து வைக்கிறார்கள். பழைய படங்களில் அப்படி வைத்திருப்பதைப் பார்க்கலாம். நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிமுள் இருக்கும் இடம்தான் கம்பியிலேயே வலுக் குறைந்த இடம். அங்கே தாடை கடித்தால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விழலாம். மீன் மாட்டி இழுக்கும்போது அங்கேயே முறியும். தாடையும் கெடும். வளைவின் அடிப்பகுதியில் கவ்வ வையுங்கள், நுனி வெளியே தெரியட்டும். நூல் நுனியைத் தொடாமல் சுற்றக் கை தானாகப் பழகிவிடும்.

சுழலும் வைஸ் வாங்கிவிட்டு அச்சைப் பார்க்காமல் இருப்பது

'ரோட்டரி' என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றில்லை. சிலவற்றில் தாடை திரும்பும், அவ்வளவுதான். ஃபிளையின் மறுபக்கத்தைப் பார்க்க உதவும். உண்மையான ரோட்டரியில் முள்ளின் தண்டு சுழலும் அச்சிலேயே இருக்கும். அப்போது கைப்பிடியைச் சுழற்றினால் முள் இடம் மாறாமல் தன்னைத்தானே சுற்றும், இறகோ ஜரிகைக் கம்பியோ சீராகச் சுற்றிக்கொள்ளும். ஆனால் முள் அளவு மாறினால் தண்டின் உயரமும் மாறும். தண்டை அச்சுக்குக் கொண்டுவர முள்ளை ஏற்றி இறக்கி வைக்க வேண்டும். தாடையின் உயரத்தை மாற்ற வசதி உள்ள வைஸில் அதையும் சரிசெய்ய வேண்டும். ஒரு பேனா முனையை முள்ளின் காதுக்கு நேரே நிறுத்திச் சுழற்றிப் பாருங்கள். காது அந்த இடத்தை விட்டு வட்டம் போட்டால் அச்சு சரியில்லை. இதைச் செய்யப் பொறுமை இல்லாதவருக்கு ரோட்டரிக்குக் கொடுத்த கூடுதல் பணம் வீண்.

கண்ணாடி மேசையில் கிளாம்ப் மாட்டுவது

வேண்டாம். கனமான பீடம் வைத்த வைஸ் வாங்குங்கள்.

தாடையின் உள்பக்கத்தில் எண்ணெய் விடுவது

கேமுக்கும் திருகுக்கும் ஒரு சொட்டு. தாடை கவ்வும் இடத்தில் துளிகூடக் கூடாது.

லீவரை இறுக்கியபடியே மூடி வைப்பது

மலைப் பனியில் துரு சீக்கிரம் ஏறும். வேலை முடிந்ததும் முள்ளைக் கழற்றி, லீவரைத் தளர்த்தி, உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். பசையும் வார்னிஷும் தாடையில் பட்டிருந்தால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், உளியால் அல்ல, ஸ்பிரிட் நனைத்த துணியால்.

பழைய வைஸைத் தாடை பார்க்காமல் வாங்குவது

பழையது வாங்குவதில் தவறே இல்லை. நல்ல வைஸ் இரண்டு தலைமுறைக்கு ஓடும். பெயின்ட் போயிருப்பதையும் பீடம் கீறியிருப்பதையும் பொருட்படுத்த வேண்டாம். முள் இல்லாமல் தாடையை மெல்ல மூடச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நுனிகள் முதலில் ஒன்றையொன்று தொட வேண்டும். நுனியில் வெளிச்சம் தெரிந்து பின்னால் ஒட்டியிருந்தால் தாடை விரிந்துவிட்டது என்று பொருள். பிறகு விரல் நகத்தைத் தாடையின் உள்பக்கம் மெல்ல ஓட்டுங்கள். நகம் எங்காவது தடுக்கினால் அங்கே பள்ளம் இருக்கிறது. அந்த மாடலுக்குப் புதுத் தாடை கிடைக்கும் என்றால் அதன் விலையைக் கழித்துப் பேரம் பேசலாம். கிடைக்காது என்றால் வாங்காதீர்கள்.