டாமி அப்பா எந்த மாடி?

எங்கள் பெரம்பூர் அபார்ட்மென்டில் சாயங்காலம் ஆறரை மணிக்கு நாயைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குகிறவர்கள் பதினோரு பேர். டாமி அப்பா, ரோஸி அம்மா, சீனு தாத்தா என்று நாயின் பெயரை வைத்துத்தான் எங்கள் உறவுமுறை. ரோஸிக்கு எந்தக் காதில் புண், டாமி எந்த டாக்டரைக் கண்டால் உறுமும் என்பதெல்லாம் அத்துப்படி. அவர்கள் எந்த மாடி, போன் நம்பர் என்ன என்று கேட்டால் மட்டும் முழிப்போம்.

வெள்ளம் மாதிரி ஆபத்து நேரத்தில் நாய் வளர்க்கிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். மற்ற தவறுகள் பலவும் இதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகின்றன.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். விடிகிற நேரத்தில் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறிவிட்டது. கரண்ட் இல்லை, இன்டர்காம் வேலை செய்யவில்லை. தூணில் கட்டியிருந்த சீனு குரைக்கக்கூட இல்லை, ஊளையிட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்ததால் முந்தின ராத்திரி கீழே கட்டியிருக்கிறார்கள். செக்யூரிட்டி அண்ணன் மாடிப்படியில் நின்று, "சீனு எந்த வீட்டு நாய் சார்?" என்று கத்துகிறார். இரண்டு வருடமாக அந்த நாய்க்குப் பிஸ்கட் போட்டவன் நான், எனக்கும் தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பார்த்தால் சங்கிலிக் கொக்கி துருவேறி இறுகிக் கிடந்தது. கடைசியில் யார் வீட்டிலிருந்தோ வந்த காய்கறிக் கத்தியால் கழுத்துப் பட்டையை அறுத்தோம். பயத்தில் சீனு என் கட்டைவிரலைக் கவ்விவிட்டது. அதுவரை யாரையும் கடிக்காத நாய் அது.

அந்த ஒரு காலையிலேயே மூன்று தவறுகள் இருந்தன. மழை அறிவிப்பு வந்த பிறகு நாயைக் கீழ்த்தளத்தில் கட்டவே கூடாது, ஒரு ராத்திரிக்குக்கூட. கொக்கிக்கு மாதம் ஒரு தடவை ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் திறந்து பார்க்க வேண்டும். அப்புறம், 'எங்க நாய் கடிக்காது' என்கிற நம்பிக்கை. பயந்த நாயும் வலியில் இருக்கும் நாயும் வளர்த்தவரையே கடிக்கும். கூண்டு மாதிரி இருக்கும் மூக்குக் கவசத்தைச் சும்மா இருக்கும் நாட்களிலேயே ஐந்து ஐந்து நிமிடமாகப் போட்டுப் பழக்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணிக் கவசம் வேண்டாம். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

வெள்ளத்தண்ணீரில் நாயை நடக்கவிடுவதும் தவறு. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து வரும் எலிக்காய்ச்சல் நாயையும் தாக்கும், மனிதரையும் தாக்கும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் முதல் தடவை போடும்போது சில வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவைப்படும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பாதிக்கு மேல் தொடங்கும் ஊரில், ஆகஸ்டிலேயே டாக்டரிடம் போய்விடுவது நல்லது. வடசென்னைக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. ரோமத்தில் எண்ணெய் ஒட்டினால் நாய் நக்கித்தான் தீர்க்கும். பாத்திரம் துலக்கும் லிக்விட் சோப்பால் கழுவினால் போகும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்காதீர்கள்.

மருந்தைத் தீரத் தீர வாங்குவது இன்னொரு தவறு. வேப்பேரி கால்நடை மருத்துவமனை பக்கம்தானே என்று நினைப்போம். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை ஒரு பெருமழைக்கே மூடிவிடும் என்பது நமக்குத் தெரியாததா? தினசரி மாத்திரை சாப்பிடும் நாயென்றால் பத்து நாளுக்காவது கையிருப்பு வேண்டும். சாப்பாடும் அப்படித்தான். எங்களுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை, ஃப்ரீசரில் இருந்த சிக்கன் இரண்டாம் நாளே நாறிவிட்டது. சிக்கன் சாதம் தவிர வேறெதையும் தொடாத டாமி பட்டினி கிடந்தது. வாரத்தில் ஒரு வேளையாவது உலர் தீனி கொடுத்துப் பழக்கியிருக்கலாம்.

வாக்கிங்கில் ஒட்டி உறவாடும் நாய்கள் ஒரே அறையிலும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிட்டோம். தண்ணீர் வந்த அன்று மொட்டை மாடி அறையில் நான்கு நாய்களை ஒன்றாக விட்டோம். ஒரு தட்டு சாதம் வைத்ததும் போர் மூண்டது. தனித்தனியாகக் கட்டுங்கள், ஒன்றின் தட்டு இன்னொன்றின் கண்ணில் படாமல் வையுங்கள்.

எல்லா ஆபத்தும் மழையோடு வருவதில்லை. அதே டிசம்பர் 26ஆம் தேதி, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து ஜனங்கள் ஓடினார்கள். அந்த மாதிரி நேரத்தில் நாயைப் பிடிக்கும் கயிறான லீஷ் எங்கே என்று கட்டிலடியில் தேடக் கூடாது. அது வாசல் ஆணியில் தொங்க வேண்டும். ஓடும்போது காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும், காற்று போகிற திசையிலேயே அல்ல. ஊசி போட்ட புத்தகமும் மாநகராட்சி லைசென்ஸும் போனில் படமாக இருந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. நாய் வளர்க்காதவர்களைப் பகைத்துக்கொள்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். செல்லப்பிராணியை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று அசோசியேஷன் தடுக்க முடியாது. விலங்குகள் நல வாரியம் 2015லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சரி, அதைக் காட்டி ஜெயித்துவிடலாம். ஆனால் வெள்ளத்தன்று சுற்றறிக்கை வந்து நாயைத் தூக்காது. எங்கள் மூன்றாம் மாடி அக்காவுக்கு நாய் என்றாலே நடுக்கம். மொட்டை மாடிச் சாவியோ அவரிடம்தான். வருடம் முழுக்க மாடிப்படியில் மூத்திர நாற்றத்தைச் சகித்தவர், அன்று சாவி கொடுக்க அரை மணி நேரம் யோசித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது எல்லோர் கையிலும் நாய்க் கழிவுக்கான பை இருக்கிறது. அக்கா லிஃப்டில் இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருக்கிறோம். செக்யூரிட்டி அண்ணனின் நோட்டில் நாயின் பெயர், வீட்டு எண், இரண்டு போன் நம்பர் என்று ஒரு பக்கம். போன அக்டோபரில் முதல் மழைக்கு அக்காவே கீழே இறங்கி வந்தார். "சாவி நோட்டுக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன். அதுங்களை என் வாசல் வழியா மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க, தம்பி."