நாள்பட்ட வலியோட வர்றவங்களுக்கு யோகா தெரபி: முதல் நாலு வாரம் எப்படி கொண்டு போறது

யோகா டீச்சர் கோர்ஸ் முடிச்சிட்டு தெரபி பக்கம் வரலாம்னு இருக்கறவங்களுக்காக இதை எழுதுறேன். ஆசனம் உங்களுக்கு தெரியும், அதை நான் சொல்லித்தர வேண்டியதில்ல. ஆனா மூணு வருஷமா குறுக்கு வலின்னு ஒரு அம்மா, கையில எம்ஆர்ஐ கவரு, இடுப்புல பெல்ட்டு, பையில தைல பாட்டிலு, "பொண்ணு சொன்னான்னு வந்தேன், எனக்கு பெருசா நம்பிக்கை எல்லாம் இல்ல"ன்னு எதிர்ல வந்து உக்காரும்போது என்ன பண்றதுங்கறது வேற வித்தை. நம்மகிட்ட வர்றதுல குறுக்கு வலிதான் ஜாஸ்திங்கறதால அதையே வெச்சு சொல்றேன். அந்த அம்மாவையே உதாரணமா எடுத்துக்குவோம், அடையாளமெல்லாம் மாத்திட்டேன்.

மூணு மாசத்துக்கு மேல வலி நீடிச்சாலோ, போய் போய் திரும்ப வந்தாலோ அதை நாள்பட்ட வலின்னு சொல்வாங்க. அடிபட்ட புதுசுல வர்ற வலிக்கும் இதுக்கும் கையாளுற விதமே வேற.

படி 1: முதல் நாள் பாய் விரிக்காதீங்க

நிஜமாத்தான். முதல் செஷன் ஒரு மணி நேரம்னா அதுல முக்கால் மணி நேரம் கேக்கறதுக்கு மட்டும். நான் ஆரம்பத்துல இதை பண்ணல, எனக்கு தெரிஞ்சதையெல்லாம் காட்டணும்னு ஒரு வேகம், பேங்க்ல வேலை பாக்கற ஒரு சாருக்கு முதல் நாளே பன்னெண்டு ஆசனம் பேப்பர்ல படம் போட்டு குடுத்து அனுப்பினேன், ரெண்டு நாள் கழிச்சு அவர் வீட்டம்மா போன் பண்ணி "இவரால எழுந்திரிக்கவே முடியல, நீங்க என்ன பண்ணீங்க"ன்னாங்க. பதில் சொல்ல வாய் வரல.

என்ன கேக்கணும்? எப்ப ஆரம்பிச்சுது, எப்ப கூடும், எப்ப குறையும், தூக்கம் எப்படி, என்ன மாத்திரை, வேற என்ன வியாதி, வீட்ல யார் யார், எதையெல்லாம் பயந்து விட்டுட்டாங்க. கடைசி கேள்விதான் ரொம்ப முக்கியம். அந்தம்மா குனிஞ்சு கோலம் போடறதை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, பஸ்ல ஏர்றதில்ல, கல்யாணம் காட்சிக்கு போறதில்ல. வலியை விட இந்த லிஸ்ட் நீளம்.

வலியை அவங்க எந்த வார்த்தைல சொல்றாங்களோ அப்படியே நோட்ல எழுதுங்க. தமிழ்ல வலிக்கு எத்தனை சொல் இருக்கு பாருங்க, குத்துது, கடுக்குது, குடையுது, இழுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, எரியுது, மரத்துப் போகுது. எரிச்சல், கரன்ட் அடிச்ச மாதிரி காலுக்கு இறங்கறது, மரத்துப் போறது இதெல்லாம் நரம்பு சம்பந்தப்பட்டதா இருக்கலாம், அப்ப இன்னும் நிதானமா போகணும்.

அளவு கேக்கறப்ப பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கன்னு கேக்கறது வழக்கம். வயசானவங்க அதுக்கு முழிப்பாங்க. நான் "ரூபாய்க்கு எத்தனை அணா வலி?"ன்னு கேப்பேன், அந்தக் காலத்துல ரூபாய்க்கு பதினாறு அணா, டக்குனு பதில் வரும். அந்தம்மா "பன்னெண்டணா"ன்னாங்க.

அப்புறம், வலி போகணும்ங்கறதை தாண்டி என்ன வேணும்னு கேளுங்க. "பௌர்ணமிக்கு திருவண்ணாமலை கிரிவலம் போகணும், முன்னெல்லாம் வருஷா வருஷம் போவேன்"னாங்க. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். "சரிம்மா, முதல்ல உங்க தெருமுனை பிள்ளையார் கோயில் வரைக்கும் போவோம்"னேன். முறைச்சாங்க.

படி 2: நம்ம கைல இல்லாததை உடனே அனுப்பணும்

இதுல பாவம் புண்ணியம் பாக்காதீங்க. மூத்திரம் மலம் கட்டுப்பாடு இல்லாம போகுது, உக்கார்ற இடம் மரத்துப் போச்சு, கால் திடீர்னு பலமிழந்து வருதுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி, நாளைக்குன்னு தள்ளக்கூடாது. காரணமில்லாம எடை குறையுது, காய்ச்சலோட முதுகு வலி, ராத்திரி படுத்தாலும் விடாத வலி, முன்னாடி கேன்சர் வந்தவங்க, விழுந்து அடிபட்டவங்க, ரொம்ப நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவங்க, இவங்கள்லாம் டாக்டரை பாத்துட்டு வந்தப்புறம்தான் நம்மகிட்ட. எலும்பு அடர்த்தி குறைஞ்சவங்களுக்கு ஆழமா முன்னாடி குனியறதும் முறுக்கறதும் கிடையாது. க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தா தலைகீழ் ஆசனம் கிடையாது.

மாத்திரையை நிறுத்துங்கன்னு நம்ம வாயிலேர்ந்து வரவே கூடாது. நம்ம தெரபிஸ்ட், டாக்டர் இல்ல. அஞ்சரை வருஷம் யோகா இயற்கை மருத்துவம் படிச்சவங்க வேற, நம்ம வேற. ஆயுஷ் அமைச்சகத்தோட யோகா சான்றிதழ் வாரியம் கூட டீச்சருக்கு தனியா, தெரபிஸ்டுக்கு தனியாத்தான் தேர்வு வைக்குது.

படி 3: அந்த எம்ஆர்ஐ கவர்

கண்டிப்பா எடுத்து நீட்டுவாங்க. படிச்சு விளக்கம் சொல்லாதீங்க, நம்ம வேலை அது இல்ல. ஆனா அந்த பேப்பர் அவங்க மனசுல என்ன பண்ணியிருக்குன்னு கேளுங்க. "எல்4 எல்5 ஜவ்வு விலகிருச்சு, எலும்பு தேய்மானம், குனிஞ்சா போச்சு"ன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. தேய்மானம்னு ஒரு சொல் இருக்கே, செருப்பு தேயற மாதிரி நடக்க நடக்க முதுகெலும்பும் தேஞ்சுக்கிட்டே போகுதுன்னு நெனச்சு மனுஷங்க அசையறதையே விட்டுடறாங்க, எனக்கு அந்த வார்த்தை மேல தனியாவே ஒரு கோவம் உண்டு.

வலியே இல்லாத ஆளுங்களை ஸ்கேன் எடுத்து பாத்த ஆய்வுகளை 2015ல தொகுத்தாங்க. 20 வயசுக்காரங்கள்லயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க்ல, அதான் அந்த ஜவ்வுல, தேய்மானம் தெரிஞ்சுது, 80 வயசுல 96 சதவீதம். டிஸ்க் பிதுங்கல் 20 வயசுல 30 சதவீதம். வலியில்லாதவங்களுக்கு! இதை சொல்றப்ப "அப்ப என் வலி பொய்யா"ன்னு கேப்பாங்க, அங்க உஷாரா இருக்கணும். வலி நிஜம். மனசுலதான் இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அவங்க ஏற்கனவே வீட்ல அதை நாலு தடவை கேட்டிருப்பாங்க. நான் இப்படி சொல்வேன், ஒரு தடவை திருடன் வந்த வீட்டு நாய் அதுக்கப்புறம் பால்காரர் வந்தாலும் குலைக்கும், குலைக்கறது நிஜம்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் திருடன் வந்திருக்கான்னு அர்த்தமில்ல. நரம்பு மண்டலமும் அப்படி பழகிடும். பால்காரர் தினமும் மெதுவா வந்து போனா நாய் மறுபடி பழகும்.

படி 4: பதினஞ்சு நிமிஷம், அதுக்கு மேல வேணாம்

ஒருத்தருக்கு ஒருத்தர்னு உக்காந்து அந்த ஆளுக்கு ஏத்த மாதிரி பயிற்சியை மாத்தறது யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் வழி, அவர் மகன் தேசிகாச்சார் 1976ல சென்னைல ஆரம்பிச்ச கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம்ங்கற மையத்துல இப்பவும் அப்படித்தான். மூச்சோட அசைவை சேக்கறதும் அங்கேர்ந்துதான் நம்ம நிறைய பேர் எடுத்துக்கிட்டோம்.

முதல்ல மல்லாக்க படுத்து கெண்டைக்கால் ரெண்டையும் நாற்காலி மேல வெக்கச் சொல்லுங்க. தரைல படுத்து எழுந்திரிக்க முடியலன்னா கட்டில்லயே படுக்கட்டும், அப்ப முழங்காலுக்கு அடியில ரெண்டு தலகாணி. ஒரு பத்து மூச்சு, வெளிய விடற மூச்சு கொஞ்சம் நீளமா, அவ்வளவுதான், எண்ண வேணாம், மூச்சை அடக்கவும் வேணாம். எண்ணச் சொன்னா பரீட்சை எழுதற மாதிரி இறுக்கிப்பாங்க. ரெண்டாவது வாரம் வேணா உள்ள நாலு, வெளிய ஆறுன்னு எண்ணலாம்.

அப்புறம் மூச்சு இழுத்துக்கிட்டே கையை தலைக்கு மேல கொண்டு போய், விட்டுக்கிட்டே இறக்கறது, 4 தடவை. அடுத்து அபானாசனம், கை முழங்கால் மேல, மூச்சு விடறப்ப முழங்காலை வயித்துப் பக்கம் கொண்டு வர்றது, 6 தடவை, அழுத்த வேணாம். அதுக்கப்புறம் த்விபாத பீடம், பாதம் ஊனி மூச்சு இழுக்கறப்ப இடுப்பை கொஞ்சமா தூக்கறது, ஒரு ஜாண் போதும், 4 தடவை. முழங்கால் ஒத்துழைச்சா சக்ரவாகாசனம், அதாவது கையும் முழங்காலும் ஊனி பண்றது, இல்லேன்னா நின்னுக்கிட்டு நாற்காலி முதுகை புடிச்சு லேசா குனிஞ்சு நிமிர்றது. மறுபடி கால் நாற்காலி மேல, ரெண்டு நிமிஷம் ஓய்வு.

எதையும் கடைசி எல்லை வரைக்கும் கொண்டு போகாதீங்க, முக்கால்வாசில நிறுத்துங்க. முகத்தை பாருங்க, பல்லை கடிச்சாலோ மூச்சு நின்னாலோ அந்த அசைவு அவங்களுக்கு பெருசு. தொட்டு சரி பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கேளுங்க.

படி 5: மறுநாள் காலைல என்ன சொல்லுது

வகுப்புல "நல்லா இருக்கு"ன்னு சொல்றதை நான் நம்பறதே இல்ல. மரியாதைக்கு சொல்வாங்க. மறுநாள் காலைல எழுந்திரிக்கறப்ப எத்தனை அணான்னு வாட்ஸ்ஆப்ல ஒரு நம்பர் அனுப்பச் சொல்லுவேன். நான் வெச்சுருக்கற கணக்கு இது: கொஞ்சம் கூடி ஒரு நாளுக்குள்ள பழைய நிலைக்கு வந்துட்டா அதே அளவு தொடரலாம், ரெண்டு நாள் தாண்டியும் இருந்தா பாதியா குறைக்கணும், ஒரு வாரம் பயிற்சி பண்ணியும் வலி கூடலன்னா ஒவ்வொண்ணுலயும் ஒரு தடவை கூட்டலாம்.

இன்னொரு ஆபத்து நல்ல நாள். வலி இல்லாத அன்னிக்கு வீட்டு திரைச்சீலை பூரா தோச்சு, பரண்ல இருக்கற பாத்திரத்தை இறக்கி தேய்ச்சு, அப்புறம் மூணு நாள் படுக்கை. அந்தம்மாவும் ரெண்டாவது வாரம் இதைத்தான் பண்ணாங்க. நல்ல நாள்லயும் அதே பதினஞ்சு நிமிஷம், அதே தெருமுனை.

படி 6: கெட்ட நாளுக்கு ஒரு சீட்டு

வலி கூடற நாள் வரும், வராதுன்னு சொல்லாதீங்க. அன்னிக்கு என்ன பண்றதுன்னு முன்னாடியே ஒரு துண்டு பேப்பர்ல தமிழ்ல பெரிய எழுத்துல எழுதி குடுங்க, ஃப்ரிட்ஜ்ல ஒட்டிக்கட்டும். கால் நாற்காலி மேல, பத்து மூச்சு, கையை மட்டும் நாலு தடவை தூக்கி இறக்கு, வீட்டுக்குள்ள ரெண்டு நடை. முழுசா படுத்துடக்கூடாதுங்கறதுதான் விஷயம். அதுலயே படி 2ல சொன்ன அறிகுறிகளையும் எழுதிடுங்க.

பீஸ் பேசறப்ப, போஸ்டர் அடிக்கறப்ப "குணப்படுத்தறோம்"னு போடாதீங்க. 2017ல அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரிங்கற டாக்டர்கள் சங்கம் நாள்பட்ட குறுக்கு வலிக்கு மாத்திரைக்கு முன்னாடி பண்ணிப் பாக்க வேண்டிய லிஸ்ட்ல யோகாவையும் சேத்தாங்க, அது சந்தோஷம். ஆனா மருத்துவ ஆய்வுகளை தொகுத்து பாக்கற காக்ரேன் அமைப்பு 2022ல ஆய்வுகளை அலசினப்ப, உடற்பயிற்சி எதுவும் பண்ணாம இருக்கறதை விட யோகாவால கிடைக்கற பலன் சின்னதுதான், மத்த முதுகு உடற்பயிற்சியோட ஒப்பிட்டா பெரிய வித்தியாசமில்ல, சிலருக்கு வலி கூடவும் செய்யுதுன்னு வந்துச்சு. இதை க்ளையன்ட்கிட்ட அப்படியே சொல்லுவேன். ஓடிடுவாங்கன்னு பயந்தேன், யாரும் ஓடல.

அந்தம்மா நாலாவது வாரம் வந்தாங்க, பெல்ட்டு பையில இருந்துச்சு. பிள்ளையார் கோயிலுக்கு போய் மூணு சுத்து சுத்திட்டு வர்ற வழியில ரெண்டு கிலோ தக்காளி வேற வாங்கியிருக்காங்க, யாரும் சொல்லல, மலிவா இருந்துச்சாம். "மறுநாள் காலைல?"ன்னு கேட்டேன்.

"பத்தணா இருந்துச்சு. காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஆறணாவாயிடுச்சு"ன்னாங்க. சுத்தை மூணுலேயே வெச்சுக்கச் சொன்னேன். தக்காளி ஒரு கிலோ.