சின்சோ திராட்சையோடு ஒயின் செய்யத் திரும்புகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பன்னிரண்டு வருடம் விட்டுவிட்டு, போன அறுவடைக்குத்தான் கேப்டவுன் வீட்டு கராஜில் மறுபடி திராட்சை பிழிந்தேன். எடுத்தது சின்சோ. கருஞ்சிவப்பு ஒயின் தரும் கேபர்னே ஏன் இல்லை, ஷிராஸ் ஏன் இல்லை என்று உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே முதல் தவறு இருக்கிறது.

சின்சோவைக் கேபர்னே மாதிரி ஆக்கப் பார்ப்பதுதான் அது. இந்தப் பழம் பெரிசு, சாறு நிறைய, அதனால் சாற்றுக்குத் தோலின் அளவு குறைவு. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வருகின்றன. நிறம் போதவில்லையே என்று பயந்து, மிதக்கும் சக்கையை நாளைக்கு ஐந்தாறு முறை அமுக்கி, மூன்று வாரம் தோலோடு ஊறவைத்து, கடைசியில் பிரஸ்ஸை இறுக்கி முறுக்கினால் நிறம் பெரிதாக ஏறாது. விதையின் கசப்புதான் இறங்கும். அதை மறைக்கப் புது ஓக் பேரலில் போட்டால் மரவாசம் மட்டும் மிஞ்சும், அந்தச் செம்பழ வாசனை போயே போய்விடும். நான் ஒரு நாளைக்கு இரண்டு முறை மெதுவாக அமுக்கினேன், எட்டாம் நாள் பிழிந்துவிட்டேன். வெளிர் சிவப்பாகத்தான் இருக்கிறது, அதன் இயல்பு அது.

அடுத்தது, மலிவாகக் கிடைக்கிறதே என்று எந்தத் தோட்டத்துப் பழத்தையும் வாங்குவது. இந்த நாட்டில் ஒருகாலத்தில் சிவப்பு வகைகளில் அதிகம் நட்டிருந்தது சின்சோதான். இங்கே அதை ஹெர்மிடேஜ் என்றுதான் சொன்னார்கள். 1925இல் ஸ்டெல்லன்போஷில் திராட்சை ஆய்வாளர் ஆபிரகாம் பெரோல்ட் அதைப் பினோ நுவார் என்ற வகையோடு இனக்கலப்பு செய்துதான் பினோடாஜ் என்ற புது வகையை உண்டாக்கினார். பிள்ளைக்குக் கிடைத்த பெயர் பெற்ற சின்சோவுக்குக் கிடைக்கவில்லை. காரணம், தண்ணீர் விட்டால் கொடி தாராளமாகக் காய்க்கும், அப்படிக் காய்த்த பழத்தில் சாரம் இருக்காது, அந்த நீர்த்த ஒயினைக் குடித்தவர்கள் வகையையே குறை சொன்னார்கள். ஆகவே விலையைக் கேட்பதற்கு முன்னால் கொடியின் வயசைக் கேளுங்கள், தண்ணீர் பாய்ச்சுகிறார்களா, கம்பியில் படரவிட்டதா இல்லை புதராக நிற்கிறதா என்று கேளுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பழத்தைத் தின்று பாருங்கள். கேப்டவுனுக்கு வடகிழக்கே உள்ள வெலிங்டனில் 1900இல் நட்ட சின்சோ கொடிகள் இன்னும் காய்க்கின்றன. முப்பத்தைந்து வயசு தாண்டிய தோட்டங்களின் ஒயினுக்கு, நட்ட வருடத்தையே போட்டு பழைய கொடித் திட்டம் (Old Vine Project) என்ற இந்த நாட்டு அமைப்பின் முத்திரை ஒட்டுகிறார்கள். அப்படிப்பட்ட பாட்டில் ஒன்றை வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், எதை நோக்கிப் போகிறோம் என்று நாக்குக்குத் தெரியும்.

பறிக்கும் நாளிலும் பலர் சறுக்குகிறார்கள். தைப்பூசக் காவடி முடிந்து சில வாரத்தில் வெயில் உச்சத்தில் இருக்கும், இன்னும் கொஞ்சம் இனிக்கட்டும் என்று காத்திருக்கத் தோன்றும். காத்திருக்காதீர்கள். சின்சோவில் புளிப்பு இயல்பாகவே குறைவு, வெயிலில் இன்னும் வேகமாக விழும். சாற்றின் சர்க்கரையைச் சொல்லும் பாலிங் அளவு 22, 23 இருக்கும்போது நான் பறிக்கச் சொல்வேன், அதிலேயே 13 சதவீதத்தை ஒட்டி ஆல்கஹால் வந்துவிடும். 26 வரை விட்டால் ஆல்கஹால் சுடும், ஒயின் சப்பென்று இருக்கும். சர்க்கரையை மட்டும் அளந்து, புளிப்பைக் காட்டும் பி.எச்சை (எண் ஏற ஏறப் புளிப்பு குறைவு) அளக்காமல் விடுவது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம். ஏனென்றால் ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகத்தின் கணக்கே அதில்தான் நிற்கிறது: ஒரே அளவு பாதுகாப்புக்கு, பி.எச் 3.4இல் லிட்டருக்கு சுமார் 32 மில்லிகிராம் கட்டுறாத (ஒயினில் எதோடும் சேராமல் தனித்து நிற்கும்) கந்தக டையாக்ஸைடு போதும் என்றால் 3.7இல் 63 வேண்டும், ஏறக்குறைய இரண்டு மடங்கு! நொதித்த பிறகு பழத்தின் கூரான மாலிக் புளிப்பு பாக்டீரியாவால் மென்மையான லாக்டிக் புளிப்பாக மாறும்போது பி.எச் இன்னும் ஏறும், அதனால் அது முடிந்ததும் திரும்ப அளக்க வேண்டும்.

திரும்பி வருகிறவர்களுக்கு மட்டுமே உரிய தவறு ஒன்று இருக்கிறது, பழைய சாமானை நம்புவது. வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த பேரலில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் கழித்து முகர்ந்து பாருங்கள், வினிகரோ நெயில் பாலிஷோ வாசம் வந்தால் அதில் செடி வளர்க்கலாம், ஒயின் ஊற்றக் கூடாது. அந்தக் கந்தகத்தைத் தரும் மெட்டாபைசல்ஃபைட் பொடி திறந்து கிடந்தால் வீரியம் இழந்திருக்கும், பழைய ஈஸ்ட்டும் அப்படித்தான். இரண்டையும் புதிதாக வாங்குங்கள், பெரிய செலவில்லை. பாலிங் மீட்டரை 20 டிகிரித் தண்ணீரில் விட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும்.

அப்புறம், நொதிக்கும்போது கராஜ் கதவை மூடி வைக்காதீர்கள். கார்பன் டையாக்ஸைடு தரையோடு தேங்கும், குழந்தையோ நாயோ உள்ளே போனால் ஆபத்து.

பாட்டிலில் அடைத்த பிறகு பத்து வருடம் வைத்துப் பார்க்கலாம் என்று பூட்டி வைப்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்ல பழைய கொடியின் ஒயின் சில வருடம் தாங்கும்தான், ஆனால் நாம் கராஜில் செய்தது இளசாக இருக்கும்போதுதான் மணக்கும். ஃபிரிட்ஜில் அரைமணி நேரம் வைத்து எடுங்கள். டர்பன் பக்கத்துக் காரமான மீன் குழம்போடு துவர்ப்பு மிகுந்த ஒயின் குடித்தால் நாக்கில் காரம் இன்னும் எரியும், துவர்ப்பு குறைந்த சின்சோ அப்படிச் செய்யாது. என் அம்மா அரை கிளாஸ் குடித்துவிட்டு, இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.